மார்கஸ் வில்லிஸ் அதற்கப்புறம் ஏன் மேலே வரவில்லை?

2016 விம்பிள்டனில் உலகத் தரவரிசையின் 772-ஆம் இடத்திலிருந்து வந்து சென்டர் கோர்ட்டில் ஃபெடரரோடு ஆடிய மார்கஸ் வில்லிஸ் அதற்குப் பிறகு ஏன் பெரிதாக வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "அவ்வளவு திறமை உள்ளவர் எப்படி 772-ல் கிடந்தார், அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு டென்னிஸ் சோறு போடுமா?" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். என் கணக்கில் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் வில்லிஸ் கதையில் ஆச்சரியப்பட அதிகம் மிஞ்சாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பரவிய கதையில் பாதி உதிர்ந்துபோயிருக்கிறது. வில்லிஸ் பிறந்தது 1990-ல். இடதுகைக்காரர். ஜூனியராக உலகின் முதல் 20 பேருக்குள் இருந்தவர். 2014-ல் 322 வரை போனார். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் அதுதான். 2016 தொடக்கத்தில் துனிசியாவில் ஒரு சிறிய போட்டி ஆடியதோடு சரி. இங்கிலாந்தின் வார்விக்கில் ஒரு கிளப்பில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் மணிக்கு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ப் பயிற்சியாளர் வேலை பார்ப்பதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்போதுதான் பிரிட்டிஷ் வீரர்களுக்கு மட்டுமான வைல்டு கார்டு (தரவரிசை போதாவிட்டாலும் அமைப்பாளர்கள் தரும் இடம்) முன்தகுதிப் போட்டியில், கடைசி நேரத்தில் ஒருவர் விலகியதால் இடம் கிடைத்தது. அதில் மூன்று ஆட்டம் வென்றார். கிடைத்தது விம்பிள்டன் வைல்டு கார்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, விம்பிள்டன் தகுதிச்சுற்றுக்கான வைல்டு கார்டு. ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச்சுற்றில் இன்னும் மூன்று ஆட்டம். அங்கே அவர் வீழ்த்தியவர்கள் யூயிச்சி சுகிதா, ஆந்த்ரே ரூப்லெவ், டேனில் மெத்வதேவ். கடைசி இருவரும் அன்று இளசுகள், பெயர் பெரிதாகத் தெரியாது. பின்னாளில் ரூப்லெவ் உலகின் முதல் ஐவருக்குள் வந்தார், மெத்வதேவ் அமெரிக்க ஓபன் வென்று முதலிடத்திலும் உட்கார்ந்தார். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் 54-ஆம் இடத்திலிருந்த லிதுவேனியாவின் பெரன்கிஸை 6-3, 6-3, 6-4 என்று நேர் செட்களில் முடித்தார். ஏழாவது தொடர் வெற்றி. எட்டாவது ஆட்டம்தான் கூரை மூடிய சென்டர் கோர்ட்டில் ஃபெடரரோடு: 0-6, 3-6, 4-6.

அந்த ஸ்கோரை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். முதல் செட்டில் ஒரு கேம்கூட இல்லை. இரண்டாவது செட்டில் முதல் கேமை வென்றதும் கோப்பையையே வாங்கிவிட்டதுபோல் கையை உயர்த்தினார், அரங்கம் எழுந்து கத்தியது. ஃபெடரரின் தலைக்கு மேல் ஒரு லாப் போட்டும் புள்ளி எடுத்தார். மூன்றாவது செட் 4-6 என்பது ஏறக்குறைய சமமான ஆட்டம். 772-ஆம் இடத்துக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் உலகின் மிகச் சிறந்த புல்தரை ஆட்டக்காரரோடு ஒட்டி ஓட முடிகிறது என்றால், அந்த 772 எதை அளக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் நீங்கள் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். பந்தை எவ்வளவு நன்றாக அடிக்கிறீர்கள் என்ற மதிப்பெண் அதில் கிடையாது. இந்த வாரம் வாங்கிய புள்ளி அடுத்த ஆண்டு இதே வாரம் கழன்றுவிடும். எல்லா முடிவும் கணக்கில் வராது; 2024-ல் இருந்த விதிப்படி சிறந்த 19 வரைதான். 100-ஆம் இடத்துக்கு ஏறத்தாழ 600 புள்ளி வேண்டும், 250-ஐ ஒட்டி 230 முதல் 250 வரை, 500-ஐ ஒட்டி 80 முதல் 100 வரை. ஆண்டுக்கு ஆண்டு இது கொஞ்சம் ஏறி இறங்கும். அடிமட்டப் போட்டியான எம்15-ல் (மொத்தப் பரிசு 15,000 டாலர் என்பதால் அந்தப் பெயர்) பட்டம் வென்றால் 15 புள்ளி, இறுதியில் தோற்றால் 8, அரையிறுதி 4, கால் இறுதி 2, அதற்கு முந்தைய சுற்று 1. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் ஆண்டு முழுக்க வாராவாரம் எம்15-ல் கால் இறுதி வரை வருகிறார், அதாவது வாரத்துக்கு இரண்டு வெற்றி. 30 வாரம் ஆடினாலும் கணக்கில் எடுப்பது 19 முடிவுகள், 38 புள்ளி. அது அவரை 700-ஐ ஒட்டித்தான் கொண்டுபோய் விடும். 60 ஆட்டம் வென்றவர் அவர்! ஆக, 700-ல் இருப்பவர் "மோசமான" வீரர் என்று நினைப்பது தப்பு. அவர் உங்கள் மாவட்டத்தில், ஏன், பெரும்பாலான நாடுகளின் தேசியப் போட்டிகளில் யாரையும் உட்காரவைத்துவிடுவார்.

வில்லிஸுக்கு அந்த ஒரு விம்பிள்டனில் கிடைத்தது தகுதிச்சுற்றைத் தாண்டியதற்கு 25, இரண்டாம் சுற்றுக்கு 45, ஆக 70 புள்ளி. ஒரே மூச்சில் நானூறுகளின் தொடக்கத்துக்கு வந்துவிட்டார். அதே 70-ஐ இன்றைய எம்15 கணக்கில் சேர்க்க வேண்டுமானால் ஐந்து பட்டம், 25 தொடர் வெற்றி. ஆனால் 2017 விம்பிள்டன் வந்ததும் அந்த 70-ம் போயே போய்விடும். இடைப்பட்ட 12 மாதத்தில் அதற்கு மேல் சேர்த்தால்தான் நிற்க முடியும். நானூறில் இருப்பவருக்கு ஏடிபி பெரிய போட்டிகளில் கதவு திறக்காது, அதற்கு அடுத்த அடுக்கான சேலஞ்சர் போட்டிகளிலும் பிரதான சுற்றுக்கு 200, 300 என்று இருக்க வேண்டும். தகுதிச்சுற்றில் நுழையலாம், அல்லது திரும்ப அடிமட்டத்துக்கே போகலாம். விம்பிள்டன் உங்களை ஏணியில் தூக்கி வைக்கிறது, ஆனால் அந்த உயரத்தில் கால் வைக்கப் படி இல்லை. கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றுக்கு நேரடியாகப் போகவே 230, 240 அளவில் இருக்க வேண்டும்.

அடுத்து காசு. எம்15 போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றால் பல ஆண்டுகளாக 2,160 டாலர். இறுதியில் தோற்றவருக்கு 1,272. அரையிறுதி 752, கால் இறுதி 438, இரண்டாம் சுற்று 258, முதல் சுற்றிலேயே தோற்றால் 156. இரட்டையர் பட்டத்துக்கு ஒரு ஜோடிக்கு 930, பங்கு பிரித்தால் ஆளுக்கு 465. இந்தப் போட்டிகள் எங்கே நடக்கின்றன? துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷர்ம் எல் ஷேக். சுற்றுலா சீசன் இல்லாத காலத்தில் காலியாகக் கிடக்கும் கடற்கரை ஹோட்டல்களில் வாராவாரம் ஒரு போட்டி. வீரர்கள் பெரும்பாலும் அந்த ஹோட்டலிலேயே தங்குவார்கள். அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து ஒரு பேக்கேஜ். ஒரு நாளைக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏழு இரவுக்கு 420 யூரோ. கால் இறுதிக்காரரின் 438 டாலர் அறைக்கே போய்விட்டது. விமானக் கட்டணம் தனி. சில நாடுகளில் பரிசுப் பணத்தைக் கொடுக்கும்போதே வரியையும் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் யாரும் ஒரு வாரத்துக்காக மொனாஸ்டிர் போவதில்லை, மூன்று நான்கு வாரம் ஒரே இடத்தில் கிடந்து விமானக் கட்டணத்தைப் பரப்புவார்கள். திங்களன்று தோற்றுவிட்டால் அடுத்த வாரம் வரை அதே பஃபே, அதே நீச்சல்குளம், அதே முகங்கள். இந்த வாழ்க்கையில் பலரை உடைப்பது தோல்வியைவிட அந்தக் காத்திருப்புதான்.

வெளியிலிருந்து கண்ணில் படாத செலவுகள் வேறு உண்டு. மட்டைக்கு நரம்பு கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் நரம்பு சில மணி நேர ஆட்டத்திலேயே இறுக்கம் தளர்ந்துவிடும், அறுந்தாலும் அறாவிட்டாலும் மாற்றியாக வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மட்டை புதிதாகக் கட்டியிருக்க வேண்டும். போட்டி நடக்கும் இடத்தில் கட்டக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கூலி. ஆகவே இந்த மட்டத்தில் பலர் 200 மீட்டர் ரீல் வாங்கிக்கொள்வார்கள். ஒரு மட்டைக்கு ஏறத்தாழ 12 மீட்டர் என்றால் ஒரு ரீலில் 16 மட்டை வரும். சிலர் கட்டும் இயந்திரத்தையே பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள், அறையைப் பகிர்பவருக்கும் கட்டிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிப்பார்கள். போட்டிப் பட்டியலில் பெயரோடு "பிளஸ் எச்" என்று போட்டிருந்தால் தங்குமிடம் இலவசம் என்று பொருள். அப்படிப்பட்ட வாரங்களுக்குப் போட்டி அதிகமாகிவிடும், தரவரிசை குறைந்தவருக்கு இடம் கிடைக்காது. நுழைவுக்கான கடைசித் தேதி போட்டி தொடங்கும் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன், விலகுவதற்கான கடைசி நாள் 13 நாள் முந்தைய செவ்வாய். அதற்குப் பிறகு விலகினால் அபராதம். ஆக, விமானச் சீட்டை மலிவாக முன்கூட்டியே வாங்கினால் பட்டியலில் பெயர் வராமல் போகலாம். பட்டியல் வந்தபின் வாங்கினால் விலை ஏறியிருக்கும். 500-க்கு வெளியே இருப்பவர் ஆண்டு முழுக்க ஆடுவது இந்தச் சூதாட்டத்தைத்தான்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய எண்கள் சில உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தன் சிறு போட்டிகளைப் பற்றிச் செய்த ஆய்வில், 2013-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஓர் ஆண் வீரருக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 38,800 டாலர், வரவும் செலவும் சமமாகும் இடம் 336 என்று வந்தது. அந்தச் செலவில் பயிற்சியாளர் சம்பளம் சேர்க்கப்படவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பயிற்சியாளரைச் சேர்த்தால் அந்தக் கோடு இன்னும் மேலே, 200-க்குப் பக்கம் போய்விடும் என்பது என் ஊகம். டென்னிஸில் சூதாட்ட ஊழலை ஆராய்ந்த தனி விசாரணைக் குழு 2018-ல் வெளியிட்ட இடைக்கால அறிக்கையும் இதையேதான் சொன்னது: பெயரளவில் 15,000 பேர் தொழில்முறை வீரர்கள், கைக்காசு போடாமல் பிழைப்பவர்கள் 250 முதல் 350 பேர். ஊழல் இந்த மட்டத்தில் வேர்விடுவதற்குக் காரணமும் அதுதான். எம்15 ஆட்டங்களின் ஸ்கோர்கூட நொடிக்கு நொடி பந்தயக்காரர்களுக்குப் போகிறது. பட்டம் வென்று கிடைப்பதைவிட ஒரு செட்டை விட்டுக்கொடுத்தால் அதிகம் தருகிறேன் என்று ஒருவன் வருவதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டாம். 2024-ல் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தது: முதல் 100 பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. சம்பாதித்தது அதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி தரும். கோடு 250-ல் நின்றுவிட்டதைக் கவனியுங்கள். 251-க்கு ஒன்றுமில்லை.

இனி பிரிட்டிஷ்காரராக இருப்பதால் வரும் வேறுபாடு. பிரிட்டனின் டென்னிஸ் சங்கமான எல்டிஏ விம்பிள்டன் உபரியிலிருந்து பெரும்பங்கைப் பெறுகிறது, உலகின் பணக்காரச் சங்கங்களில் ஒன்று. ஆனால் அதன் நேரடி ஆதரவு குறிப்பிட்ட வயதுக்குள் குறிப்பிட்ட தரவரிசையை எட்டுபவர்களுக்குத்தான் போகும். 25 வயதாகி 700-ல் நிற்பவருக்கு அங்கே பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். கதவு திறப்பது ஜூனில். நாட்டிங்ஹாம், இல்க்லி, குயின்ஸ், ஈஸ்ட்போர்ன், அப்புறம் விம்பிள்டன். ஐந்தாறு வாரப் புல்தரை சீசன் முழுக்க உள்ளூரில் நடக்கிறது, ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர்களுக்கு வைல்டு கார்டு. விம்பிள்டன் பிரதான சுற்றில் 128 இடம்: 104 தரவரிசைப்படி, 16 தகுதிச்சுற்றிலிருந்து, 8 வைல்டு கார்டு. அந்த எட்டில் பெரும்பகுதி பிரிட்டிஷ்காரர்களுக்கே போகும். 2024-ல் முதல் சுற்றில் தோற்றவருக்கே 60,000 பவுண்டு. எம்15 பட்டம் ஏறத்தாழ 35 வென்றால் வரும் தொகை அது. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால்கூட 15,000 பவுண்டு, எட்டு பட்டத்துக்கும் மேல். அர்ஜென்டினாவிலோ நம்மூரிலோ 300-ல் இருக்கும் ஒரு வீரருக்கு இது கனவு. ஒரு பிரிட்டிஷ் வீரரின் ஆண்டு வரவு செலவுப் புத்தகத்தில் ஜூன் மாதம்தான் மற்ற 11 மாதத்துக்கும் கஞ்சி ஊற்றுகிறது என்றால் மிகையில்லை. வில்லிஸுக்கு 2016-ல் கிடைத்தது 50,000 பவுண்டு. அதுவரை அந்த ஆண்டில் அவர் பரிசாக வாங்கியிருந்தது சில நூறு.

ஆனால் இந்த வரத்துக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது, வில்லிஸ் விஷயத்தில் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவருடைய ஆட்டம் புல்லுக்கென்றே செய்தது. இடதுகை ஸ்லைஸ் (பந்தைச் சீவி அடிப்பது) சர்வ் வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் வெளியே ஓடும். புல்லில் அது எழும்பாமல் இன்னும் சறுக்கும். பேக்ஹேண்டிலும் ஸ்லைஸ், பந்து முழங்காலுக்குக் கீழேயே நிற்கும், எதிராளி குனிந்து தூக்க வேண்டும், தூக்கியதும் இவர் வலையில் நின்று தரையில் படுமுன்பே அடித்து வாலி போடுவார். பெரன்கிஸைப்போல வேகமான தட்டையான பந்தை விரும்புபவர்களுக்கு இது எரிச்சலூட்டும் ஆட்டம். அதே ஸ்லைஸை மொனாஸ்டிரின் மெதுவான ஹார்ட் கோர்ட்டிலோ ஐரோப்பியக் களிமண்ணிலோ போட்டால் பந்து எழும்பி இடுப்புயரத்தில் தொங்கும். 19 வயது ஸ்பெயின்காரர் ஒருவர் அதன்மீது ஏறி அடித்து, 25 முறை ஓடவைப்பார். புல்தரைப் போட்டி ஆண்டுக்கு ஐந்தாறு வாரம். அடிமட்டத்தில் புல்லில் நடப்பதே அபூர்வம். ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்க்க வேண்டிய தளங்களில் அவருடைய ஆயுதம் மழுங்கிவிடுகிறது. ஜூனில் 50-ஆம் இடத்துக்காரர்போல ஆடும் பிரிட்டிஷ் வீரர் நவம்பரில் 500-ஆம் இடத்துக்காரர்போல ஆடுவதற்கு இது ஒரு காரணம். ஜூனில் வாழ்த்தியவர்கள் நவம்பரில் பார்ப்பதில்லை, அதனால் திடீரென்று "காணாமல் போய்விட்டார்" என்று தோன்றுகிறது.

உடல் தகுதி இன்னொரு காரணம். 2014-ல் அமெரிக்காவின் நாக்ஸ்வில்லில் நடந்த சேலஞ்சரில், ஆட்ட இடைவேளைகளில் கோக்கும் ஸ்னிக்கர்ஸும் சாப்பிட்டதைப் பார்த்து ரசிகர்கள் அவருக்கு ஒரு கேலிப்பெயரே வைத்தார்கள். எடை கூடியிருந்ததையும் வாழ்க்கை முறை சரியில்லாமல் இருந்ததையும் அவரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டார். இதை வைத்து "சோம்பேறி, அதனால்தான்" என்று தீர்ப்பெழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடற்பயிற்சியாளர், சரியான உணவு, காயம் பட்டால் உடனே ஸ்கேன், இவையெல்லாம் 100-க்குள் இருப்பவருக்குக் குழுவாகவே கூட வரும். 500-ல் இருப்பவர் இவற்றை ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்க வேண்டும், அந்தக் காசு அடுத்த போட்டியின் விமானச் சீட்டிலிருந்து எடுத்த காசு. அதே சமயம், அவர் 20 வயதில் கட்டுக்கோப்பாக இருந்திருந்தால் 200-க்குள் வந்திருப்பாரா என்று கேட்டால், வந்திருக்கலாம் என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. அதேபோல, எந்தப் பிரிட்டிஷ் வீரருக்கும் விளம்பர ஒப்பந்தத்திலும் தனியார் உதவியிலும் எவ்வளவு வருகிறது என்பது வெளியில் வராத கணக்கு. பரிசுப் பணத்தை மட்டும் பார்த்து ஒருவர் ஏழை, இன்னொருவர் பணக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள்.

பரிசுப் பணம் போதாதபோது இவர்கள் எப்படித்தான் ஓட்டுகிறார்கள்? ஜெர்மனியில் கோடைக்காலத்தில் கிளப் லீக் நடக்கும். புண்டெஸ்லிகாவும் அதற்குக் கீழே பல அடுக்குகளும் உண்டு. அங்கே கிளப் ஒரு ஆட்ட நாளுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும். தோற்றாலும் பணம் உண்டு, தங்குமிடமும் பெரும்பாலும் உண்டு. பிரான்சிலும் கிளப் போட்டிகளும் உள்ளூர்ப் பரிசுப் போட்டிகளும் ஏராளம். இதில் ஒரே சிக்கல், இவற்றில் தரவரிசைப் புள்ளி கிடையாது. காசுக்காக லீக் ஆடினால் புள்ளி சேராது, புள்ளிக்காக மொனாஸ்டிர் போனால் காசு கரையும். இதைத் தவிர பிரிட்டனுக்குள் எல்டிஏ நடத்தும் உள்நாட்டுப் பரிசுப் போட்டிகள், பணக்கார கிளப் உறுப்பினர்களோடு பயிற்சி ஆட்டம், பிறகு பயிற்சியாளர் வேலை. வில்லிஸ் மணிக்கு 30 பவுண்டு வாங்கினார் என்பதை ஊடகங்கள் இரங்கத்தக்க விஷயமாக எழுதின. கணக்குப் பார்த்தால் வாரத்தில் 20 மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் 600 பவுண்டு. எம்15-ல் அரையிறுதி வரை வந்து ஊர் திரும்புபவரைவிட அது மேல்.

விம்பிள்டனுக்குப் பின் வில்லிஸ் சும்மா இருக்கவில்லை. 2017-ல் மீண்டும் தகுதிச்சுற்றின் கடைசிப் படி வரை வந்து தோற்றார். அதே விம்பிள்டன் இரட்டையரில் ஜே கிளார்க்கோடு சேர்ந்து, முந்தைய ஆண்டுச் சாம்பியன்களான பிரெஞ்சு ஜோடி எர்பேர், மாயூவை ஐந்து செட்டில் வீட்டுக்கு அனுப்பினார். என்னைக் கேட்டால் ஃபெடரர் ஆட்டத்தைவிடத் தொழில்ரீதியாக முக்கியமானது அந்த வெற்றிதான், அவருடைய எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று அதுதான் காட்டியது. பிறகு காயங்கள், 2021-ல் ஓய்வு அறிவித்தார். 2022-ல் இரட்டையர் வீரராகத் திரும்பி வந்து, முப்பதுகளில் உலக இரட்டையர் தரவரிசையில் முதல் 100 பேருக்குள் நுழைந்தார். நல்ல சர்வ், மென்மையான கை, வலையில் புத்தி, குறைந்த ஓட்டம்: இரட்டையர் கேட்பது இதைத்தான். ஆக "மேலே வரவில்லை" என்ற கேள்வியின் ஒரு பாதி தவறு. ஒற்றையரில் வரவில்லை.

ஒப்பிட மூன்று பேரைச் சொல்கிறேன், மூன்றும் வெவ்வேறு வழி. லியம் பிராடி: வில்லிஸைப்போலவே இடதுகை. பல ஆண்டு சேலஞ்சர்களில் உழன்று, 2023 விம்பிள்டனில் சென்டர் கோர்ட்டில் நான்காம் நிலை வீரர் கேஸ்பர் ரூடை வீழ்த்தி, அதே ஆண்டு 29 வயதில் முதன்முறையாக 100-க்குள் வந்தார். பில்லி ஹாரிஸ்: ஐல் ஆஃப் மேன் தீவைச் சேர்ந்தவர். ஃபோர்டு டிரான்சிட் வேனுக்குள் படுக்கை போட்டு, ஹோட்டல் செலவை மிச்சப்படுத்த ஏறத்தாழ மூன்று ஆண்டு ஐரோப்பா முழுக்கச் சிறு போட்டிகளுக்கு அதிலேயே ஓட்டிக்கொண்டு போனவர். 2024-ல், 29 வயதில், குயின்ஸ் கால் இறுதி, ஈஸ்ட்போர்ன் அரையிறுதி, அந்த ஆண்டு 100-ஐத் தொடும் தூரத்துக்கு வந்தார். மூன்றாமவர் ஜேக்கப் ஃபியர்ன்லி, எடின்பரோக்காரர். அமெரிக்காவின் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். பயிற்சியாளர், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவு. 2024 ஜூனில் 500-க்கு வெளியே இருந்தவர், நாட்டிங்ஹாம் சேலஞ்சரைத் தகுதிச்சுற்றிலிருந்து வந்து வென்றார், விம்பிள்டன் வைல்டு கார்டு வாங்கி இரண்டாம் சுற்றில் ஜோகோவிச்சை நான்கு செட் இழுத்தார், ஆண்டு முடிவதற்குள் 100-க்குள். வில்லிஸுக்கும் இவருக்கும் ஜூன் மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அமைந்தது. வேறுபாடு ஜூலையில் தொடங்கியது. ஃபியர்ன்லிக்கு அப்போது வயது 22, நான்கு ஆண்டு கட்டியெழுப்பிய உடம்பு, ஹார்ட் கோர்ட்டில் வளர்ந்த ஆட்டம். கிடைத்த தரவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு சேலஞ்சர்களில் தொடர்ந்து வென்றார். வில்லிஸுக்கு வயது 25, ஆட்டம் புல்லுக்கு, உடம்பு தயாராக இல்லை.

இளம் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கல்லூரி வழிதான் பாதுகாப்பானது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் 18 வயதிலேயே 300-க்குள் வந்துவிட்டவருக்கு அது தாமதம். ஹாரிஸின் வேன் வழியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அது அவருக்குப் பலித்தது. அதே வழியில் போய் 26 வயதில் விட்டுவிட்டவர்களின் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரிய வாய்ப்பே இல்லை.

இனி எந்த வீரரைப் பற்றியாவது "700-ல் இருக்கிறார்" என்று படித்தால் ஏடிபி தளத்தில் அவர் பக்கத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள். கடந்த 52 வாரத்தில் எத்தனை போட்டி ஆடியிருக்கிறார். 10-க்குக் கீழே என்றால் காயமோ காசோ தடுத்திருக்கிறது, தரவரிசை அவரைக் குறைத்துக் காட்டுகிறது. எந்தத் தளத்தில் வென்றிருக்கிறார். எல்லாம் ஒரே தளம் என்றால் மேலே போவது கடினம். பெரிய புள்ளிகள் எந்த மாதத்தில் கழல்கின்றன. நேரில் பார்க்க வேண்டுமானால் நுங்கம்பாக்கம் அரங்கில் சேலஞ்சர் போட்டி நடக்கும்போது இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு முதல் ஞாயிறு காலைத் தகுதிச்சுற்றுக்குப் போங்கள். பக்கவாட்டுக் கோர்ட்டில் பார்வையாளர் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து, கைபேசியில் அடுத்த வாரத்துக்கான விமானச் சீட்டு விலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.